அரிப்பில் செம்மறி வளர்ப்பு: இனத்துக்கு முன் நிலம்

யுத்தத்தினால் சிதைந்த கிராமங்களின் வாழ்வாதாரம் பற்றிப் பேசப்படும் போதெல்லாம் ஆடு வளர்ப்பு தவறாமல் முன்வைக்கப்படுகிறது. குறைந்த முதலீடு, விரைவான பெருக்கம், எப்போதும் உள்ள இறைச்சிச் சந்தை என்பன அதற்குக் கூறப்படும் காரணங்களாகும். அண்மைக் காலமாக இதனுடன் இன்னொரு யோசனையும் சேர்ந்துள்ளது. உள்ளூர் ஆடுகள் சிறியவை, ஒற்றைக் குட்டி ஈனுபவை. ஆகவே கூடிய விளைவு தரும் வெளிநாட்டு இனங்களைத் தருவித்துக் குடும்பங்களுக்குப் பகிர்ந்தளித்தால் வறுமை நீங்கிவிடும் என்பதே அந்த யோசனையாகும். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த யோசனையை, மன்னார் மாவட்டத்தின் முசலிப் பிரதேசத்தில் உள்ள அரிப்புக் கிராமத்தையும் அதன் சூழலையும் வைத்துச் சற்று ஆராய்ந்து பார்ப்பது பயனுள்ளதாகும்.

அருவியாறு கடலில் கலக்கும் இடத்துக்குத் தெற்கே அமைந்துள்ள அரிப்பு, ஒரு காலத்தில் முத்துக்குளிப்பினால் உலகறிந்த ஊராக விளங்கியது. ஆங்கிலேய ஆட்சியின் முதல் தேசாதிபதியான பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிடுவதற்கென இங்கு கட்டிய மாளிகையின் இடிபாடுகள் இன்றும் கடலோரத்தில் நிற்கின்றன. முத்துச் சிப்பிகள் அருகிப் போனதும் அந்த வளமும் அகன்றது. இன்று அரிப்பில் வாழ்வோரில் பெரும்பாலானோர் கடலை நம்பிய தமிழ்க் கத்தோலிக்கர்களாவர். சுற்றியுள்ள சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி முதலான ஊர்கள் வயலையும் கடலையும் கால்நடையையும் நம்பிய முஸ்லிம் ஊர்களாகும்.

இவ்விரு சமூகங்களும் இடப்பெயர்வின் வலியை அறிந்தவை. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட போது முசலி மக்களும் அனைத்தையும் விட்டுப் புத்தளத்தில் தஞ்சம் புகுந்தனர். 2007 செப்டெம்பரில் அரச படையினர் சிலாவத்துறைப் பகுதியைக் கைப்பற்றிய இராணுவ நடவடிக்கையின் போது, அரிப்புத் தமிழ் மக்களும், போர்நிறுத்த காலத்தில் திரும்பி வந்திருந்த முஸ்லிம் குடும்பங்களும் மீண்டும் இடம்பெயர நேர்ந்தது. யுத்தம் 2009இல் முடிந்த பின்னரே மீள்குடியேற்றம் முழு அளவில் இடம்பெற்றது. இவ்வாறு திரும்பி வந்த ஒரு குடும்பத்துக்குப் பத்துச் செம்மறிகள் என்பது சிறிய விடயமன்று. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அடகுக் கடைக்குப் போகாமல் இருப்பதற்கும், பிள்ளையின் கல்விச் செலவுக்குக் கடன்படாமல் இருப்பதற்கும் அதுவே கைமுதலாகும்.

செம்மறி இந்த மண்ணுக்கு அந்நியமான பிராணியும் அன்று. இலங்கையில் செம்மறிகளின் தொகை வெள்ளாடுகளின் தொகையுடன் ஒப்பிடுகையில் மிகச் சிறியது. அதன் பெரும் பகுதி வட மாகாணத்திலேயே காணப்படுகிறது. யாழ்ப்பாணச் செம்மறி என அறியப்படும் உள்ளூர் இனம் கம்பளிக்காக வளர்க்கப்படுவதன்று. குறுகிய உரோமமும் சிறிய உடலும் கொண்ட அது, வெயிலையும் தண்ணீர்த் தட்டுப்பாட்டையும் தாங்கக் கூடியது. வெள்ளாடு குழையைத் தேடி வேலியில் ஏறும். செம்மறியோ நிலத்தில் உள்ள புல்லையே பெரிதும் மேயும். கூட்டம் கலையாமல் செல்வதால் ஒருவரே ஒரு மந்தையைப் பார்த்துக் கொள்ளலாம். அயல் வீட்டுத் தோட்டத்தில் ஆடு புகுந்தது என்பதில் தொடங்கும் சச்சரவுகளை அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டின் அருமை புரியும்.

சந்தை நிலையும் செம்மறிக்குச் சாதகமாகவே உள்ளது. கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களில் நத்தார், உயிர்த்த ஞாயிறு, ஆலயத் திருவிழாக்கள் ஆகிய காலங்களில் ஆட்டிறைச்சிக்குக் கேள்வி அதிகம். முஸ்லிம்களைப் பொறுத்தவரை ஹஜ்ஜுப் பெருநாளின் உழ்ஹிய்யாக் கடமை ஆண்டுதோறும் நிச்சயமான சந்தையொன்றை உருவாக்குகிறது. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி உழ்ஹிய்யாவுக்கான வெள்ளாடு இரண்டு வயதைப் பூர்த்தி செய்திருத்தல் வேண்டும். செம்மறிக்கோ ஒரு வயது பூர்த்தியானால் போதுமானது. வளர்ப்பவரின் கணக்கில் இதன் பொருள், ஒரு முழு ஆண்டின் தீவனமும் உழைப்பும் மீதமாகின்றன என்பதாகும். மாடு அறுப்பைத் தடை செய்யும் யோசனைக்கு 2020 செப்டெம்பரில் அமைச்சரவை அங்கீகாரம் அளித்த போது முஸ்லிம் மக்களிடையே எழுந்த கவலை யாவரும் அறிந்ததே. ஏழு பேர் ஒரு மாட்டில் பங்கு சேரலாம். ஆடோ ஒருவருக்கு ஒன்று. ஆகவே மாட்டின் மீது எந்தக் கட்டுப்பாடு வந்தாலும் ஆட்டின் தேவை பன்மடங்காக உயரும் என்பது வெளிப்படை.

ஆனால் இந்தச் சந்தைக்கு ஏற்ப ஆட்டை ஆயத்தம் செய்வது இனத்தில் தங்கியுள்ள விடயமன்று. அது காலக் கணிப்பில் தங்கியுள்ளது. சந்திர நாட்காட்டியின்படி அமையும் ஹஜ்ஜுப் பெருநாள், ஆண்டுக்குச் சுமார் பதினொரு நாட்கள் முன்னகர்கிறது. அது மே மாதத்தில் வரும் ஆண்டுகளுக்கு, முந்திய ஆண்டின் ஜனவரியில் பிறந்த கிடாய் பெருநாளின் போது பதினாறு மாத வயதுடன் பொருத்தமாக இருக்கும். ஜனவரியில் பருவமழை ஓய்ந்து புல் செழித்திருக்கும். தாய்க்குப் பால் சுரக்கும். செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ ஐந்து மாதங்களாகும். எனவே ஓகஸ்டில் ஆடு சினைப்பட வேண்டும். முசலியில் ஓகஸ்ட் என்பதோ புல் கருகித் தரை வெடித்துக் கிடக்கும் மாதமாகும். மெலிந்த ஆடு சினைப்படாது. சினைப்பட்டாலும் நலிந்த குட்டியையே ஈனும். ஆகவே ஜூலையிலும் ஓகஸ்டிலும் தாயாட்டுக்குக் கிடைக்கும் ஒரு கட்டுக் குழையே அடுத்தடுத்த ஆண்டின் வருமானத்தைத் தீர்மானிக்கிறது.

இனி, விளைவு கூடிய இனம் என்ற விடயத்துக்கு வருவோம். உலகில் இன்று அதிகம் பேசப்படும் இறைச்சிச் செம்மறிகளுள் ஒன்று டோர்ப்பர் ஆகும். 1930களில் தென்னாபிரிக்காவில், டோர்செட் ஹோர்ன் இனத்தையும் கருந்தலைப் பாரசீகச் செம்மறியையும் கலந்து, வறண்ட நிலங்களுக்கென உருவாக்கப்பட்ட இனம் இது. விரைவாக வளர்வதும் கம்பளி வெட்டும் வேலை அநேகமாக இல்லாமையும் இதன் சிறப்புகளாகும். எனினும் அதன் பேருடலுக்கு ஏற்ற தீனியும் வேண்டும். எமது சிறிய பெட்டை ஆடுகளுடன் அத்தகைய பெரிய கிடாயைச் சேர்த்தால், குட்டி பெரிதாகிப் பிரசவம் சிக்கலாகும் அபாயமும் உண்டு. அவ்வேளையில் கால்நடை வைத்தியர் எட்டும் தூரத்தில் இல்லையெனில் தாயும் குட்டியும் சேர்ந்து இழக்கப்படும்.

எம்மைப் போன்ற நிலைமையில் வாழும் சிறு வளர்ப்பாளர்களுக்குப் பொருத்தமான அனுபவம் இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில் கிடைக்கிறது. பல்டான் நகரில் உள்ள நிம்ப்கர் விவசாய ஆராய்ச்சி நிறுவனம், 1990களில் வங்காளத்தின் சுந்தரவனப் பகுதியிலிருந்து காரோல் என்னும் சிறிய செம்மறிகளைக் கொண்டு வந்தது. காரோல் ஆடு உருவில் மிகச் சிறியது; ஆயினும் இரட்டைக் குட்டிகளை ஈனும் இயல்பு அதற்கு உண்டு. அந்த இயல்புக்குக் காரணமான மரபணு மாற்றம் 2001இல் அடையாளம் காணப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டு செல்லப்பட்ட ஆடுகள் மூலமே அங்குள்ள பூரூலா மெரினோ இனத்துக்கும் இதே இயல்பு வந்தது என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். பல்டான் நிறுவனம் இம்மரபணுவைத் தக்காண மேட்டுநிலத்தின் உள்ளூர்ச் செம்மறியில் படிப்படியாகச் சேர்த்து, நாரி சுவர்ணா என்னும் ஆட்டை உருவாக்கி, மேய்ப்பர்களின் மந்தைகளுக்குள் கொண்டு சென்றது. பெரும்பாலும் ஒற்றைக் குட்டியே ஈன்ற ஆடுகளின் இடத்தில், ஈற்றுக்குச் சராசரியாக ஒன்றரைக் குட்டி அளவில் ஈனும் ஆடுகள் தோன்றின.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு உண்டு. முதலாவது, அங்கு உள்ளூர் ஆடு ஒழிக்கப்படவில்லை. அதன் தாங்கும் சக்தியைப் பேணிக் கொண்டே ஓர் இயல்பு மட்டும் சேர்க்கப்பட்டது. அதுவும் ஒரே நாளில் அன்றிப் பல ஆண்டு உழைப்பினால் ஆயிற்று. இரண்டாவது, இரட்டைக் குட்டிகள் பிறப்பது வேறு, பிழைப்பது வேறு. சினைக்காலத்தின் இறுதியிலும் பாலூட்டும் காலத்திலும் மேலதிகத் தீவனமும் கவனிப்பும் கிடைத்த இடத்திலேயே இரண்டாவது குட்டி இலாபமாயிற்று.

இதனை ஓர் எளிய கணக்கின் மூலம் விளக்கலாம். ஒரு குடும்பத்திடம் பத்துத் தாயாடுகள் உள்ளன எனவும், இரண்டு ஆண்டுகளில் அவை மூன்று முறை ஈனுகின்றன எனவும் கொள்வோம். ஒற்றைக் குட்டிகளாயின் முப்பது பிறக்கும். ஐந்தில் ஒன்று இறந்தாலும் இருபத்து நான்கு எஞ்சும். ஈற்றுக்குச் சராசரி 1.6 குட்டி ஈனும் இனமாயின் நாற்பத்தெட்டுப் பிறக்கும். ஆனால் தாய்க்குத் தீனி போதாமல் பாதிக் குட்டிகள் மடிந்தால் எஞ்சுவதும் அதே இருபத்து நான்குதான். இதற்கிடையில் தாயாடுகள் நலிவுற்றிருக்கும். மருந்துச் செலவு ஏறியிருக்கும். இனவிருத்திக் கிடாயின் விலையும் கடனாக நிற்கும். ஆகவே தீவனம் இல்லாத இடத்தில் சிறந்த இனம் என்பது நட்டத்தை விரைவுபடுத்தும் கருவியாகவே அமையும்.

தீவனத்தின் அளவு என்ன? இருபத்தைந்து கிலோ நிறையுள்ள ஓர் ஆட்டுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்றரைக் கிலோ பச்சைத் தீவனம் தேவை. பத்து ஆடுகளுக்கு முப்பத்தைந்து கிலோ. நான்கு மாத வறட்சியில் பாதியை மேய்ச்சலில் பெற்றாலும் மீதி இரண்டு தொன்னுக்கு மேல் வீட்டிலிருந்து வழங்க வேண்டும். வேலியோரக் கிளிசரியா, இப்பில் இப்பில், பூவரசு, முருங்கை ஆகியவற்றின் குழையும், அறுவடையின் பின் சேமித்த வைக்கோலும், சிறிதளவு தவிடும் புண்ணாக்கும் இதனை ஓரளவு ஈடுசெய்யும். எனினும் பாதியை வழங்குவதாகக் கொள்ளப்பட்ட அந்த மேய்ச்சல் நிலம் எங்கே இருக்கிறது என்பதே முசலியின் அடிப்படைக் கேள்வியாகும்.

காலபோகம் தொடங்கும் முன்னர் நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டங்களில், வயற் பிரதேசங்களிலிருந்து கால்நடைகளை அகற்றுவதற்கான திகதி நிர்ணயிக்கப்படுகிறது. விவசாயியின் பயிரைப் பாதுகாக்க இது அவசியமானதே. ஆனால் அகற்றிய கால்நடைகளை எங்கே கொண்டு செல்வது என்பதற்கு விடையில்லை. புல் செழிக்கும் மாரியில் நிலம் இல்லை. நிலம் திறந்திருக்கும் கோடையில் புல் இல்லை. மேய்ச்சற்றரை ஒதுக்கித் தருமாறு மன்னார் மாவட்டக் கால்நடை வளர்ப்பாளர்கள் பல ஆண்டுகளாகக் கோரி வந்திருப்பதன் காரணம் இதுவே. மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவணைப் பகுதிகளின் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் வீதியில் இறங்கித் தொடர் போராட்டம் நடத்தியதும், தாம் மேய்ச்சல் நிலத்தை இழந்து வருவதைச் சுட்டிக்காட்டியேயாகும்.

முசலியில் இப்பிரச்சினைக்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. மக்கள் இல்லாத ஆண்டுகளில் பல காணிகளில் காடு மண்டியது. 2012 ஒக்டோபரில் இப்பிரதேசத்தின் பகுதிகள் ஒதுக்கக் காடுகளாக வர்த்தமானியில் பிரகடனம் செய்யப்பட்டன. பின்னர் 2017 மார்ச்சில் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் பிரகடனத்தின் மூலம் சுமார் 40,000 ஹெக்டெயர் நிலப்பரப்பு மாவில்லுப் பேணற்காடாக அறிவிக்கப்பட்டது. தமது பூர்வீகக் காணிகளும் மேய்ச்சல் இடங்களும் அதனுள் அகப்பட்டுவிட்டன என மறிச்சுக்கட்டி மக்கள் போராட்டம் நடத்தினர். சுற்றாடல் ஆர்வலர்களோ வில்பத்துவை அண்டிய காடு அழிக்கப்படுகிறது என வாதிட்டனர். ஒதுக்கக் காட்டினுள் கால்நடைகளை மேய விடுவது சட்டப்படி குற்றமாகும். இதனால் நேற்று வரை மேய்ச்சல் வெளியாக இருந்த இடத்துக்கு இன்று ஆட்டைச் சாய்த்துச் செல்பவர் குற்றவாளியாகிறார்.

காடு பேணப்பட வேண்டும் என்பதில் எமக்கு மாற்றுக் கருத்தில்லை. உலர் வலயத்தின் காடு அழிந்தால் குளங்கள் தூர்ந்து போகும். குளங்கள் தூர்ந்தால் வயலும் இல்லை, புல்லும் இல்லை. ஆனால் வரைபடத்தில் எல்லைக் கோடு வரையும் போது, அக்கோட்டுக்குள் வாழ்ந்தவர்களையும் மேய்த்தவர்களையும் கேட்டு வரைவது நீதியாகும். அடர்ந்த காட்டையும் பழைய தரவை வெளியையும் ஒன்றாகக் கருதுவது காட்டுக்கும் நன்மையன்று. மேய்ச்சலுக்குச் சட்டபூர்வமான இடம் இல்லாத மந்தை, இரவில் காட்டுக்குள்ளோ பகலில் அயலவர் வயலுக்குள்ளோ புகும். முதலாவது வழக்கில் முடியும். இரண்டாவது பகையில் முடியும். வயலுக்குரியவர் ஒரு சமூகத்தவராகவும் ஆட்டுக்குரியவர் மற்றச் சமூகத்தவராகவும் இருந்துவிட்டால், ஓர் ஆட்டின் தவறு இரு சமூகங்களின் பிணக்காக உருமாறுவதற்கு அதிக நேரம் பிடிப்பதில்லை.

மழைக்காலமும் தன் பங்கிற்கு அழிவைத் தருகிறது. 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயலுடன் வந்த கடுங்குளிரில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் மடிந்தன. வெட்ட வெளியில் ஈரத்துடனும் வெறும் வயிற்றுடனும் நின்ற பிராணிகளால் திடீர்க் குளிரைத் தாங்க முடியவில்லை. தரையிலிருந்து உயர்த்தப்பட்ட பலகைத் தளமும், காற்று வீசும் பக்கத்தில் ஓலைத் தட்டியும் கொண்ட கொட்டில் ஒன்று, விலை உயர்ந்த கிடாயை விட அதிகக் குட்டிகளைக் காப்பாற்றும். ஈர நிலத்தில் பெருகும் குடற்புழுக்களின் தாக்கத்தையும் அது குறைக்கும். கீழிமையின் உட்புறம் வெளிறியிருந்தால் ஆட்டின் இரத்தத்தைப் புழு உறிஞ்சுகிறது என்பதை ஒரு சிறுவனும் அறிந்து கொள்ளலாம். மாட்டுக்கென விற்கப்படும் தாது உப்பைச் செம்மறிக்குக் கொடுக்கலாகாது. அதிலுள்ள செம்பு செம்மறிக்கு நஞ்சாகும். இத்தகைய எளிய அறிவு பரவாத இடத்தில் இனம் மட்டும் என்ன செய்யும்?

எனவே வாழ்வாதார உதவி வழங்கும் அரச திணைக்களங்களும் அரச சார்பற்ற நிறுவனங்களும் தமது ஒழுங்குமுறையை மாற்றிக் கொள்ள வேண்டும். ஆட்டைக் கொடுத்துப் படம் எடுத்த பின்னர் தீவனம் பற்றி யோசிக்கும் முறை கைவிடப்படல் வேண்டும். முதலில் முசலிப் பிரதேசத்தின் மேய்ச்சல் வெளிகள், இரு சமூகங்களின் வளர்ப்பாளர்கள், விவசாய அமைப்புகள், வன, கால்நடைத் திணைக்களங்கள் ஆகியோர் ஒன்றாக நின்று அளந்து, எல்லையிட்டு, வர்த்தமானி மூலம் உறுதிப்படுத்தப்படல் வேண்டும். அடுத்து ஒவ்வொரு வீட்டு வேலியும் தீவன வேலியாக மாற, அதற்கு ஓராண்டு அவகாசம் கிடைக்க வேண்டும். அதன் பின் கொட்டில், அதன் பின்னரே ஆடு.

இனத்தைப் பொறுத்தவரை, வெளிநாட்டை நோக்கு முன் உள்ளூர் மந்தையில் செய்யக் கூடியது நிறைய உண்டு. நன்கு வளர்ந்த கிடாய்க் குட்டியைப் பெருநாளுக்கு விற்றுவிட்டு, விலை போகாத நோஞ்சானை இனவிருத்திக்கு வைத்திருப்பது எமது மந்தைகள் சிறுத்துப் போவதற்கு ஒரு காரணமாகும். தந்தைக் கிடாயே மகள்களுடனும் சேர்வது இன்னொரு காரணம். சிறந்த கிடாய்களைத் தெரிந்து, இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஊருக்கு ஊர் மாற்றிக் கொண்டால் இக்குறை நீங்கும். அரிப்பின் கிடாய் சிலாவத்துறைக்கும், சிலாவத்துறைக் கிடாய் அரிப்புக்கும் செல்லட்டும். இதற்கு அந்நியச் செலாவணி தேவையில்லை. இரு ஊர்களின் வளர்ப்பாளர்களும் ஒரே சங்கத்தில் அமர்ந்தால் போதும். அந்தச் சங்கமே தராசு ஒன்றை வைத்து உயிர்நிறைக்கு விலை பேசுமாயின், கண்மதிப்பில் விலை சொல்லும் தரகரின் பிடியும் தளரும். பிறப்பும் இறப்பும் நிறையும் இவ்வாறு ஏட்டில் பதியப்பட்டு, குட்டிகளின் இறப்பு குறைந்த பின்னர், நாரி சுவர்ணா போன்ற முயற்சிகளை எமது கால்நடைத் திணைக்களம் இங்கு பரிசோதிப்பதில் அர்த்தம் இருக்கும்.

எருவும் மறக்கப்படலாகாது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்ட வேளையில் ஆட்டெருவின் பெறுமதியை விவசாயிகள் நன்கு உணர்ந்தனர். அறுவடை முடிந்த வயலில் மந்தையைப் பட்டி அடைப்பதன் மூலம் ஆட்டுக்குத் தாளடி மேய்ச்சலும் வயலுக்கு எருவும் கிடைக்கின்றன. வயலுக்குரியவரையும் ஆட்டுக்குரியவரையும் எதிரிகளாக அன்றிப் பங்காளிகளாக்கும் பழைய ஏற்பாடு இது. இதனை எழுத்து மூல உடன்பாடாகப் புதுப்பிப்பது இரு தரப்புக்கும் இலாபமாகும்.

ஆடு மேய்த்தலை நபிமார்களின் தொழிலாக முஸ்லிம்கள் மதிக்கின்றனர். கிறிஸ்தவர்கள் தமது ஆண்டவரை நல்லாயன் என அழைக்கின்றனர். இரு சமூகத்தவரின் மந்தைகளும் ஒரே வானத்தின் கீழ், ஒரே வறண்ட மண்ணிலேயே மேய வேண்டியுள்ளது. முசலியின் மேய்ச்சற்றரையைக் கோரும் மனுவில் அரிப்பின் தமிழ்ப் பெயர்களும் சிலாவத்துறையின் முஸ்லிம் பெயர்களும் ஒரே தாளில் இடம்பெறுமாயின் அதனைப் புறக்கணிப்பது எந்த அதிகாரிக்கும் எளிதாக இராது. சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம் என்பது எமது மூதாதையர் வாக்கு. நல்ல இனம் என்பது சித்திரம். நிலமும் தீவனமுமே சுவர். அடுத்த காலபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், கால்நடைகளை அகற்றும் திகதியுடன் அவை செல்ல வேண்டிய இடமும் அறிவிக்கப்படுமாயின், அதுவே அப்பணியின் தொடக்கமாக அமையும்.